கோத்தகிரி பெரியம்மாவுக்கு: அடுத்த டாக்டர் யார்?

அன்புள்ள பெரியம்மா,

நம் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு பெங்களூர் போகிறார் என்று கேட்டதிலிருந்து நீங்கள் கலங்கிப்போயிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்கிறான் அண்ணன். உங்களுக்கு அதில் மனமில்லை, அவனிடம் சொல்லவும் தயக்கம். குன்னூரில் மருந்துக்கடையில் நிற்கிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். இதே கேள்வியோடு கடைக்கு வருகிறவர்கள் பலர் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

உங்களுக்குச் சுகர், பிரஷர், தைராய்டு மூன்றும் இருக்கின்றன. முழங்கால் வலி வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி டாக்டர் கிடைப்பார். நான்கையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவர் வேண்டும், அவர் கோத்தகிரியிலேயே இருக்க வேண்டும்.

கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். வயதான ஒரு அம்மா மூன்று சீட்டுகளை நீட்டினார். ஒன்றில் பிரஷருக்கு டெல்மிசார்டன். இன்னொன்றில் கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. மூன்றாவதில் முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக், 15 நாளைக்கு. தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சீட்டிலும் குற்றம் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே உடம்புக்குள் போனால் கிட்னிக்கு ஆகாது, சுகரும் வயதும் சேர்ந்தவர்களுக்கு ரொம்பவே ஆகாது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகு வலி மாத்திரை பாராசிட்டமாலாக மாறியது. எல்லாச் சீட்டையும் ஒரே கடையில் கொடுத்ததால் அது கண்ணில் பட்டது. இரண்டு கடையில் வாங்கியிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

மெட்ஃபார்மின் என்ற ஒரே சுகர் மாத்திரையை, இரண்டு கம்பெனி பெயரில் இருப்பதால் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்குகிறவர்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். 'அது கவர்மெண்ட் மாத்திரைதானே' என்று சொல்லாமல் விட்டால் இரட்டை டோஸ் ஆகிவிடும்.

சரி, நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் தடவை போகும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை, டானிக், சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். மேசையில் கொட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். தைராய்டு மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று அவராகவே கேட்டால் எனக்குப் பாதி நிம்மதி. வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் டீ குடிக்க வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். நீங்கள் எழுந்ததும் டீயோடு சேர்த்து விழுங்குகிறவர்.

அப்புறம் உங்கள் பாதம். நம் குளிருக்கு நாள் முழுக்க சாக்ஸ் போட்டிருப்போம், பாதத்தை யாரும் பார்ப்பதே இல்லை. சுகரில் கால் மரத்துப்போனவர்கள் ராத்திரி அடுப்பில் காலைக் காட்டுவார்கள், வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்வார்கள். சுடுவது தெரியாது. காலையில் கொப்புளம் இருக்கும், அதுவும் தெரியாமல் சாக்ஸை மாட்டிக்கொள்வார்கள். சாக்ஸைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கு வரை பார்க்கிற டாக்டரை விடாதீர்கள் பெரியம்மா. வருஷத்துக்கு ஒரு முறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்தத்தின் கிரியாட்டினின் அளவு இவற்றையும் அவரே ஞாபகமாகக் கேட்க வேண்டும்.

சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7-க்குள் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் வயதில், அடிக்கடி சுகர் இறங்கித் தலைசுற்றுகிறவருக்கு, அதைக் கொஞ்சம் தளர்த்துவதும் உண்டு. உங்களுக்கு எவ்வளவு, ஏன் என்று உட்காரவைத்துச் சொல்கிறவராக இருக்கட்டும். பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து என்று பார்க்காதீர்கள். பொது மருத்துவத்திலோ குடும்ப மருத்துவத்திலோ எம்டி என்றால் நல்லது, கவனமாகப் பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டரும் போதும்.

அண்ணன் சொல்வதைத் தள்ளவில்லை. இதயத்துக்கோ கண் ஆபரேஷனுக்கோ கோயம்புத்தூர் போகத்தான் வேண்டும், ஊட்டியிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் மாதாமாதம் பார்க்க மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறங்கி, அங்கிருந்து மேலும் போவது உங்கள் காலுக்கு ஆகாது. ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் என்ன செய்வீர்கள்? ஜனவரிக் குளிரில் பிரஷர் ஏறும். குளுக்கோமீட்டர் பலதும் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. இங்கேயே இருக்கிற டாக்டருக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரியும். கோயம்புத்தூரில் எழுதித் தந்ததைப் படித்து, பழைய மாத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும் அவர்தான் வேண்டும்.

நீங்கள் சொன்ன இருவரில், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் அந்தப் பெண் டாக்டரை முதலில் பாருங்கள். அவர் சீட்டு என் கடைக்கும் வருவதுண்டு. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தெளிவாகத் தமிழில் எழுதுகிறார். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பையை அன்றைக்கே சேர்ந்து கட்டிவிடலாம்.

உங்கள் தங்கை மகன்
குன்னூர்