பீட்டர் குக்கின் காட்சிகளைத் தேடித் தாருங்கள்: பிபிசிக்கு ஒரு திறந்த மடல்

பிபிசி நிர்வாகக் குழுவினருக்கும் அதன் ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தமிழோசை வழியாக உங்கள் நிறுவனத்தை வீட்டுக்குள் வரவேற்ற தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். பீட்டர் குக் என்னும் நகைச்சுவை மேதை தம் வாழ்வின் உச்சத்தில் உங்களுக்காக உருவாக்கிய நிகழ்ச்சிகளில் பெரும்பகுதியை உங்கள் நிறுவனமே அழித்தது. எஞ்சியதைக் காக்கவும், எங்கேனும் தப்பிக் கிடப்பதை மீட்கவும் இன்னும் வழி இருக்கிறது என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

1937 நவம்பர் 17 அன்று டார்க்கீ நகரில் பிறந்த குக், கேம்பிரிட்ஜின் பெம்ப்ரோக் கல்லூரியில் படிக்கும்போதே லண்டன் மேடைகளுக்கு நகைச்சுவைக் காட்சிகள் எழுதிக் கொடுத்தவர். 1960-இல் எடின்பரோ விழாவில் டட்லி மூர், ஆலன் பென்னட், ஜொனாதன் மில்லர் ஆகியோருடன் அவர் அரங்கேற்றிய ‘பியாண்ட் த ஃப்ரிஞ்ச்’, பிரிட்டனின் அரசியல் அங்கதத்துக்கே புது வாசலைத் திறந்தது. அதில் பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லனாக வேடமேற்று நடித்துவந்த குக், மேக்மில்லனே நேரில் வந்து அமர்ந்திருந்த ஓர் இரவில், எழுதிவைத்த வசனத்தை விட்டு விலகி, அங்கத நாடகம் பார்க்க வந்து அசட்டுச் சிரிப்புடன் உட்கார்ந்திருக்கும் கிழவரைப் பற்றி அவர் முன்பாகவே பேசினார். 24 வயது நிறைவதற்குள் சோஹோவின் கிரீக் தெருவில் ‘எஸ்டாபிளிஷ்மென்ட்’ என்ற அங்கதக் கேளிக்கை மன்றத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே ‘பிரைவேட் ஐ’ என்ற அங்கத இதழின் பெரும்பங்கைத் தமதாக்கி, இறுதிவரை அதற்குத் துணைநின்றார்.

உங்கள் இரண்டாம் அலைவரிசையில் 1965 ஜனவரியில் தொடங்கிய ‘நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ’ என்ற நகைச்சுவைத் தொடர் இத்தனைக்கும் பிறகு வந்தது. குக்கும் மூரும் ஏற்று நடித்த, தொப்பியும் மழைக்கோட்டும் அணிந்த பீட், டட் என்ற இரு சாமானியர்கள் உலக விவகாரங்கள் அனைத்தையும் அறிந்தவர்கள்போல் அளவளாவும் காட்சிகளே அதன் உயிர். ஓவியக் கூடத்தில் அவர்கள் அமர்ந்து சாண்ட்விச் தின்னும் காட்சி தப்பியிருக்கிறது; அதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நல்ல ஓவியத்தின் கண்கள் பார்ப்பவரைத் தொடர்ந்து வரும் என்று பேச்சு போகிறது. மூர் வாயில் உணவை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கத் திணறுகிறார். குக் அதைக் கண்டுகொள்கிறார். முகத்தில் ஒரு தசை அசையாமல், நண்பரை முற்றாகக் கவிழ்த்துவிடும் அடுத்த வாக்கியத்தைத் தேடிப் போகிறார். இதை எந்தக் கையெழுத்துப் படியும் காட்டாது. இருவரும் ஒலிப்பதிவுக் கருவியின் முன் பேசிப் பேசியே காட்சிகளை உருவாக்கினார்கள். படப்பிடிப்பின்போதும் குக் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போவார். அவர் கலை நிகழ்ந்த இடம் அந்தக் கணம்தான். ஆகவே ஒளிநாடா அழிந்தபோது படைப்பே அழிந்தது.

அன்றைய காரணங்களை நான் அறிவேன். இரண்டு அங்குல ஒளிநாடா விலை மிக்கது, அழித்துவிட்டு மீண்டும் பதியத்தக்கது. நடிகர், இசைக்கலைஞர் சங்கங்களுடனான ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வீட்டில் வாங்கிப் பார்க்கும் நாடாக்கள் அன்று சந்தையில் இல்லை. 1970-இல் வண்ணத்தில் எடுத்த மூன்றாம் தொடரின் நாடாக்களும் அப்படியே போயின. வெளிப்புறத்தில் படச்சுருளில் எடுத்த துண்டுகள் மட்டும், படச்சுருளை அழித்துப் பயன்படுத்த முடியாது என்ற ஒரே காரணத்தால் பிழைத்தன. இருந்தாலும், தம் பணத்தைக் கொடுத்து அந்த நாடாக்களைக் காப்பாற்ற குக் முன்வந்தார் என்பதும், அது மறுக்கப்பட்டது என்பதும் என்னால் ஏற்க முடியாத செய்திகள். செலவுதான் காரணமென்றால், அந்தச் செலவை ஏற்க ஆள் இருந்தபோதும் ஏன் அழித்தீர்கள்?

1995 ஜனவரி 9 அன்று 57 வயதில் குக் இறந்தபின், திறமையைக் குடியில் வீணடித்தவர் என்ற பேச்சு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. குடி அவரைச் சிதைத்தது உண்மை. ஆனால் 1979-இல், அரசியல்வாதி ஜெரமி தோர்ப் மீதான கொலைச்சதி வழக்கில் நீதிபதி வழங்கிய தொகுப்புரையைப் பகடி செய்து அவர் மேடையில் நிகழ்த்திய உரையைக் கேட்பவர் எவரும் திறமையை வீணடித்தவர் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார். ஒரு கலைஞர் தம் வாழ்வின் உச்சத்தில் உங்களுக்காகச் செய்த பணியில் பெரும்பகுதி பார்க்கக் கிடைக்காத நிலையில், அவர் குறைவாகச் செய்தார் என்று உலகம் முடிவு கட்டுவது அநியாயம். அந்த அநியாயத்தில் உங்கள் நிறுவனத்துக்கும் பங்குண்டு.

தேடினால் கிடைக்கும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட ‘அட் லாஸ்ட் த 1948 ஷோ’ என்ற நகைச்சுவைத் தொடரின் இரு பகுதிகள் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் ஃப்ராஸ்டின் சேகரிப்பிலிருந்து 2014-இல் மீண்டன. உங்கள் ‘டாக்டர் ஹூ’ தொடரின் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்த செய்தி 2013-இல் வெளிவந்தது. வெளிநாடுகளுக்கு அனுப்பிய படச்சுருள் பிரதிகளும், குப்பைக்குப் போனதை எடுத்து வைத்தவர்களின் சேகரிப்புகளும் இன்னும் எங்கெங்கோ இருக்கக்கூடும். வைத்திருப்பவர்களில் பலர் முதியவர்கள். உங்கள் சொத்தைத் திருடியவர் என்ற பழி வருமோ என்ற அச்சம் அவர்களில் சிலரையாவது வாய் திறக்க விடாமல் தடுக்கும்.

ஆகையால், எவ்வழியில் கைக்கு வந்த பிரதியாயினும் அதை ஒப்படைப்பவர் மீது எந்த நடவடிக்கையும் இராது என்றும், படியெடுத்தபின் மூலச்சுருள் அவரிடமே திருப்பித் தரப்படும் என்றும் உங்கள் நிறுவனம் வெளிப்படையாக எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். கூடவே, தொலைக்காட்சி முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து நேயர்கள் பதிந்த ஒலிநாடாக்களையும் கேட்டுப் பெறுங்கள். படம் போன இடத்தில் அவ்விருவரின் குரலாவது மிஞ்சும். கைவசம் உள்ள முழுப் பகுதிகளையும் துண்டுகளையும், தொகுப்பாகச் சுருக்காமல், ஒளிபரப்பான வரிசையிலேயே, எந்த நாட்டிலிருந்தும் யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். சேகரிப்பாளர்கள் உயிரோடிருக்கும் இந்தச் சில ஆண்டுகளுக்குள் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
குக்கின் நேயர் ஒருவர்