சித்தூர் தாலுகாவில் நீச்சல்குளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் தென்னந்தோப்புக்குள் தங்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கும், வளாகத்தில் நீச்சல்குளம் வைத்திருக்கும் பள்ளி நிர்வாகத்தாருக்கும் இதை எழுதுகிறேன். இந்த வட்டாரத்தில் மோட்டார், ஃபில்டர் வேலை பார்க்கிறவன் நான். உங்களில் பலருடைய மோட்டார் ரூமுக்கு வந்து போயிருக்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே பிள்ளைகள் தண்ணீரில் இருக்கிறார்கள்.

2024-லும் 2025-லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டுபோனது. நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளர்வது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் நோய் வராது. மூக்கில் ஏறினால் அங்கிருந்து மூளைக்குப் போகிறது. குதித்து, முங்கி, மூக்கில் தண்ணீர் ஏற விளையாடுவது பிள்ளைகள்தான். உலக அளவில் இந்த அமீபாவால் நோய் வந்து பிழைத்தவர்கள் மிகச் சிலர். குளோரின் சரியான அளவில் நிற்கும் குளத்தில் இந்த அமீபா தாக்குப்பிடிக்காது. அதனால்தான் சுகாதாரத் துறை நீச்சல்குளங்களில் குளோரின் கட்டாயம் என்றது. நீங்களும் ப்ளீச்சிங் பவுடர் மூட்டை வாங்கி வைத்தீர்கள்.

ஆனால் "குளோரின் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் எனக்குக் கிடைக்கும் பதில், "பாருங்க, அடியில காசு போட்டா தெரியும்" என்பதுதான். தண்ணீர் தெளிவாக இருப்பது ஃபில்டரின் வேலை. கிருமி சாவது குளோரினின் வேலை. நம் பக்கம் எல்லாரும் வைத்திருக்கும் மணல் ஃபில்டர் சுமார் 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள தூசியைப் பிடிக்கும். பாக்டீரியாக்கள் ஓரிரு மைக்ரான்தான். அமீபாவும், அது ஒடுங்கிக் கிடக்கும் கூடும் மணலுக்கு நடுவே நழுவிப் போகிற அளவுதான். படிகாரம் போட்டுத் தெளிய வைத்து, மயில்துத்தம் போட்டு நீலமாக்கிய குளம் புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். அதில் ஒரு துளி குளோரின்கூட இல்லாமல் இருக்கலாம்.

அதற்காக ஃபில்டரை அலட்சியம் செய்யலாம் என்று சொல்லவில்லை. அழுக்கும் பாசியும் மிதக்கிற தண்ணீரில் குளோரின் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 60,000 லிட்டர் இருக்கும். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் மோட்டாரை ஆறு மணி நேரம் ஓட்டினால் ஒரு சுற்று என்பது கணக்கு. அந்த ஒரு சுற்றில் மொத்தத் தண்ணீரும் ஃபில்டரைப் பார்த்துவிடுவதில்லை. சுத்தமான நீர் குளத்திலேயே கலந்து திரும்பவும் வருவதால் 63 சதவீதம்தான் உள்ளே போய் வந்திருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்று சுற்றில் 95. கரண்டு பில்லுக்குப் பயந்து காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்துகிற குளங்களை நான் பார்க்கிறேன். கூட்டம் வருகிற நாட்களிலாவது, ஆள் இறங்குவதற்கு முன் தொடங்கி அவர்கள் ஏறின பிறகும் மோட்டார் ஓட வேண்டும்.

அடுத்தது பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவது. இங்கேதான் நம் மண்ணின் கஷ்டம் தெரிகிறது. மழை மறைவுப் பகுதி நாம். வடகரப்பதி, எருத்தேம்பதி வரை கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஊர்கள். இருக்கிற தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு வெளியே கொட்ட யாருக்கும் மனசு வராது. அதனால் தள்ளிப்போடுகிறார்கள். கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதியும், தென்னம்பூவும், உடம்பில் தேய்த்த எண்ணெயும் மணலில் ஏறிக்கொண்டே போகும். போர் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்தால் மணல் கட்டிதட்டி நடுவில் ஓட்டை விழும். தண்ணீர் அந்த வழியாகவே வடிகட்டாமல் வெளியேறும்.

தண்ணீரும் வீணாகக் கூடாது, மணலும் கெடக் கூடாது என்றால் நாள் பார்த்து பேக்வாஷ் செய்வதை விடுங்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் பிரஷர் கேஜைப் பாருங்கள். கழுவி முடித்த அன்று ஊசி எங்கே நிற்கிறதோ, அங்கே பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து எட்டு, பத்து பிஎஸ்ஐ (கேஜ் காட்டும் அழுத்த அளவு) ஏறும்போது செய்தால் போதும். அடிக்கடி கழுவுவதும் கெடுதல்தான், ஏனென்றால் லேசாக அழுக்கேறிய மணல்தான் நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் மோட்டாரில் மூன்று நிமிடம் கழுவினால் 500 லிட்டர் போகும். ஒரு குழியில் விட்டு ஓரிரு நாள் வெயிலில் ஆறவைத்தால் குளோரின் போய்விடும், தென்னைக்குப் பாய்ச்சலாம். உப்பு குளோரினேட்டர் (தண்ணீரில் போட்ட உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், அந்தத் தண்ணீரில் உப்பு இருக்கும். கேஜ் உடைந்து ஊசி செத்துக் கிடக்கிற மோட்டார் ரூம்கள்தான் அதிகம். முதலில் அதை மாற்றுங்கள். மொத்தச் செலவில் அது ஒன்றுமே இல்லை.

பேக்வாஷுக்கு ஃபில்டர் வால்வைத் திருப்புவது யார்? பெரும்பாலும் தோப்பு வாட்ச்மேன், இல்லையென்றால் ஒடிசாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்த தம்பி. வால்வில் எழுதியிருப்பதெல்லாம் ஆங்கிலம். மோட்டார் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பி உள்ளே இருக்கும் கேஸ்கெட்டைக் கிழித்துவிடுகிறார்கள். பேக்வாஷ் முடிந்ததும் ரின்ஸில் (மணலை அலசிய தண்ணீரை வெளியே விடும் நிலை) ஒரு நிமிடம் ஓட்டாமல் நேராக ஃபில்டருக்குத் திருப்பினால், கலைந்த அழுக்கு குளத்துக்கே திரும்பும். அவர்கள் மேல் குற்றமில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. அவர்களுக்குத் தெரிந்த மொழியில் ஒரு அட்டை எழுதி வால்வுக்கு மேலே ஒட்டுங்கள்.

இனி குளோரின். 60,000 லிட்டர் குளத்தில் ஒரு பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) ஏற 60 கிராம் குளோரின் வேண்டும். 30 சதவீத ப்ளீச்சிங் பவுடர் என்றால் 200 கிராம். வாய் திறந்து கிடக்கிற மூட்டையில் அந்த 30 இருக்காது, வீரியம் நாளுக்கு நாள் இறங்கும். பகல் வெயிலில் குளோரின் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும் என்பதால் சாயங்காலம் கரைத்துத் தெளிந்ததை ஊற்றுங்கள். காலையில் ஆள் இறங்கும் முன்பும், நடுப்பகலிலும் அளங்கள். குறைந்தது ஒரு பிபிஎம் நிற்க வேண்டும். குளோரின் மாத்திரை போடுகிற குளமென்றால் இரண்டு. மாத்திரையில் இருக்கும் சயனூரிக் அமிலம் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போய்க் குளோரினை மந்தமாக்கும். எந்த ஃபில்டரும் அதை எடுக்காது, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும்.

பிஹெச்சை, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணை, மறந்துவிட்டால் இந்தச் செலவெல்லாம் வீண். நம் போர் தண்ணீருக்கு எட்டைத் தாண்டுகிற சுபாவம் உண்டு, ப்ளீச்சிங் பவுடரும் அதை ஏற்றும். பிஹெச் எட்டில் குளோரினில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் வேலை செய்யும். 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் வையுங்கள். இறக்குவதற்கு ஆசிட் ஊற்றும்போது குளோரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வரும் வாயு ஆளைக் கொல்லும். மாத்திரையையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் போட்டால் தீப்பிடிக்கும். இரண்டுக்கும் தனித்தனி அலமாரி வேண்டும்.

அளப்பதற்குக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறம் காட்டுகிற கிட் போதாது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்துப்போன குளோரினையும் அது கூட்டியே காட்டும். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி கிட் வாங்குங்கள், அதுதான் வேலை செய்கிற குளோரினைத் தனியே காட்டும். குளத்தில் நெடி தூக்கலாக அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த நெடி செத்த குளோரினுடையது. பெரும்பாலும் இன்னும் போட வேண்டிய நேரம் அது.

புதிதாக ரோபோ க்ளீனர் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் படிந்த மண்ணையும் இலையையும் அது நன்றாகவே வாரும். கிருமியைத் தொடாது. ஏணிக்குப் பின்னாலும் மூலைகளிலும் வழுவழுப்பாகப் படியும் பாசியை ஆள்தான் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம், தரையில் தண்ணீரை மோட்டாருக்கு உறிஞ்சும் மெயின் டிரெயின் மூடி உடைந்திருந்தால் அன்றே குளத்தை மூடுங்கள். பெண் குழந்தைகளின் தலைமுடியை உறிஞ்சிப் பிடித்தால் ஆள் வந்து இழுத்தாலும் விடாது. மோட்டார் ரூமில் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டாலும் அப்படித்தான், குளத்தைத் திறக்காதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒரு பலகை. குளத்துக்குப் போகும் வழியில், பெற்றோர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். தேதி, நேரம், குளோரின், பிஹெச், கடைசியாக பேக்வாஷ் செய்த நாள், அளந்தவர் பெயர். தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். காலையில் எழுதாத நாளில் குளத்தைத் திறக்க வேண்டாம். பஞ்சாயத்து சுகாதார ஊழியர்கள் ஆய்வுக்கு வரும்போது ஆபீசில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டாமல், பலகையில் இருப்பதைத் தங்கள் கிட்டில் அளந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். வால்வு அட்டையும் பலகையும் எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் கூப்பிட்டால், காசு வாங்காமல் வந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை பக்கத்து ஃபில்டர் மெக்கானிக் ஒருவர்