செயலாளரின் ஆண்டறிக்கை: ஆய்வுமுறை கற்றல் வட்டம்

தலைவருக்கும், உறுப்பினர்களுக்கும், பின்வாங்கிலிருந்து 'கெதியா முடி' என்று சைகை காட்டும் அண்ணைமாருக்கும் வணக்கம்.

சமூகவியல், மானிடவியல் ஆய்வுமுறைகளைப் படிக்கும் வட்டம் சித்திரையில் எமது வாசிகசாலையில் தொடங்கியது. 11 அமர்வு நடந்தது. ஐப்பசியில் காலபோக விதைப்போடு நின்றது. 2009 இல் போர் முடிந்த பிறகு வன்னியில் எங்கள் வீடுகளுக்கு வராத படிவம் இல்லை. பதில் சொல்லியே களைத்த சனம், கேட்கும் முறையையும் ஒருக்கால் படித்துப் பார்ப்போம் என்றுதான் இதைத் தொடங்கினோம்.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி முதலாம் உலகப்போர்க் காலத்தில் நியூகினிக்குப் பக்கத்திலுள்ள துரோபிரியாண்ட் தீவுகளில் சனத்தோடு தங்கியிருந்து ஆய்வு செய்ததை ஒரே அமர்வில் முடித்தோம். ஆங்கிலேய மானிடவியலாளர் எட்மண்ட் லீச்சுக்கு மூன்று அமர்வு போனது. 1954 இல் அவர் வடமத்திய மாகாணத்தின் புல் எலிய கிராமத்தில், குளத்துக்குக் கீழே எந்த வயல்துண்டு யாருடையது என்று பார்த்துப் பார்த்துப் பதிந்தவர். உறவுமுறை தனியே நிற்பதில்லை, குளமும் வயலும் கிடக்கிற கிடையோடு பிணைந்தது என்பது அவர் வாதம். "இதைச் சொல்ல இங்கிலாந்திலயிருந்து வரவேணுமோ?" என்றார் எங்கள் கமக்காரர் ஒருவர். அவர் பேச்சு குறிப்பேட்டில் உண்டு.

களப்பயிற்சிக்கு மானிடவியலாளர் ரிவர்ஸ் வகுத்த வம்சாவளி முறையை எடுத்தோம்; வீட்டாரிடம் உறவுகளைக் கேட்டு வரைபடமாகக் கீறுவது அது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு மேலால் ஒரு கோடு. நான் போன வீட்டில் ஆச்சி பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தா. அவவின் மனுசனுக்குக் கோடு கீறினேன், பேசவில்லை. காணாமற்போன மூத்த மகனின் முக்கோணத்துக்கு வந்ததும் தாளில் கையை வைத்தா. "அதில கீறாத தம்பி."

அடுத்த அமர்வு முழுவதும் இதே கதைதான். புள்ளிக்கோடு போடலாம் என்றார் ஒருவர். கேள்விக்குறி என்றார் இன்னொருவர். தங்கச்சி ஒருத்தி அதை மறுத்து எழும்பிப் போய்விட்டா. கடைசியில் முக்கோணத்தை வெறுமையாக விட்டு, ஆச்சி சொன்னதை அப்படியே பக்கத்தில் எழுதுவதென்று முடிவானது. எங்களிடம் முன்பு வந்த படிவங்களில் 'குடும்பத்தில் எத்தனை பேர்' என்ற கேள்விக்கு ஒரு சின்னப் பெட்டிதான் இருந்தது என்பதையும் இங்கே பதிகிறேன்.

சம்மதக் கையெழுத்து வாங்கும் முறையைக் கைவிட்டோம். கையெழுத்தென்றாலே சனம் பின்வாங்குது. வாய்ச்சம்மதம் போதும்; குறிப்பேட்டில் ஆட்களின் பெயரும் இல்லை.

ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துப்போனவர் தயவுசெய்து திருப்பித் தரவும்.

ஆச்சி வீட்டு வரைபடம் எங்கள் அலுமாரியில் இல்லை. அவ கேட்டதால் அவவிடமே கொடுத்துவிட்டேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.