குடம் எங்கள் வேலை இல்லை

அம்பத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இரண்டு வாரமாக இரவு ஷிப்ட். வீட்டுக்கு வந்தால் படுக்கை, எழுந்தால் வேலை என்று ஓடுகிறது. இன்றுதான் பேனாவை எடுக்க முடிந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதி. கட்டைப் பிரித்ததும் உன்னைப் பார்த்து "என்னடா இப்படி இளைச்சுட்டே" என்றுதான் முதலில் சொல்லியிருப்பார்கள். இங்கே பெரியவளுக்கு வரன் பார்க்கிறோம். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

உன் தங்கை மகனுக்குக் கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிற சிப்பெட் நிலையத்தில் டிப்ளமோ கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அவன் அப்பா, "பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றுவதற்கு மூன்று வருஷம் என்ன படிப்பு?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். 1968-இல் அந்த நிலையத்தைச் சென்னையில் ஆரம்பித்தபோதும் நாலு பேர் இதையே கேட்டிருப்பார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் பாய்ச்சுகிற இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷின் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: உருக்குவதும் ஊற்றுவதும் பெரிய காரியமே இல்லை. ஊற்றியதை வெளியே எடுப்பதற்குத்தான் அத்தனை படிப்பும்.

உங்கள் வீட்டு இட்லித் தட்டையே எடுத்துக்கொள். குழி ஏன் சரிந்து இறங்குகிறது? செங்குத்தாக டம்ளர் மாதிரி இருந்தால் இட்லி முழுசாக வருமா? எங்கள் மோல்டிலும், அதாவது அச்சிலும், ஒவ்வொரு சுவருக்கும் ஒரு டிகிரியாவது சரிவு கொடுத்தே ஆக வேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு இந்தக் கவலை கிடையாது. மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள், ஆறியதும் மண் அச்சை உடைத்துவிடுகிறார்கள். ஒரு அச்சு, ஒரு சாமி. எங்கள் அச்சு எஃகு. லட்சக்கணக்கான தடவை திறந்து மூட வேண்டும், ஒரு தடவைகூட உடையக்கூடாது.

சரி, மெஷினுக்கு வருகிறேன். மேலே ஹாப்பரில் குருணையைக் கொட்டுகிறோம், ஜவ்வரிசி மாதிரி இருக்கும். அது கனமான எஃகுக் குழாய்க்குள் இறங்குகிறது. பேரல் என்போம். சுற்றிலும் ஹீட்டர் பட்டைகள், உள்ளே நீளமான ஸ்க்ரூ. பார்க்கிறவர்கள் ஹீட்டர்தான் உருக்குகிறது என்று நினைப்பார்கள். ஸ்க்ரூ சுற்றும்போது குருணை நசுங்கி உரசுகிறதே, அந்தச் சூடுதான் பெரும்பங்கு. 1872-இல் அமெரிக்காவில் ஹயாத் சகோதரர்கள் செல்லுலாய்டு என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்குக்காகக் காப்புரிமை வாங்கிய முதல் மெஷினில் ஸ்க்ரூ கிடையாது. நம் முறுக்கு உழக்கு மாதிரி ஒரு தண்டு அழுத்தித் தள்ளும், அவ்வளவுதான். அப்படித் தள்ளினால் ஓரம் உருகியிருக்கும், நடு உருகியிருக்காது. 1946-இல் ஜேம்ஸ் ஹெண்ட்ரி ஸ்க்ரூ வைத்த மெஷினைக் கட்டிய பிறகுதான் ஒரே பதமாக உருக்கவும் நிறத்தைச் சீராகக் கலக்கவும் முடிந்தது.

ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே பின்னால் நகரும், உருகியது முன்னால் சேரும். தேவையான அளவு சேர்ந்ததும் சுற்றுவதை நிறுத்திவிட்டு அதே ஸ்க்ரூ தண்டு மாதிரி முன்னால் பாயும். சின்னப் பொருள் என்றால் ஓரிரு வினாடியில் அச்சு நிறைந்துவிடும். அந்த நேரத்தில் அச்சின் இரண்டு பாதியும் விலகிவிடக் கூடாது. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மூடி செய்கிறோம் என்று வை. உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ அழுத்தம் இருந்தால் 30 டன் வெளியே தள்ளுகிறது. உள்ளங்கையகல மூடிக்கு மூன்று லாரி லோடு! எங்கள் மெஷினை 80 டன், 150 டன் என்று சொல்வது அந்தப் பிடிக்கும் பலத்தைத்தான். பிடி தளர்ந்தால் ஓரத்தில் மெல்லிய தோல் போலப் பிதுங்கி நிற்கும், பிளாஷ் என்போம். ஷிப்டில் பாதிப் பேர் பிளேடு வைத்து அதைச் சீவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்புறம் காத்திருப்பு. மோல்டுக்குள் துளை போட்டுத் தண்ணீர் ஓட்டுகிறோம். ஒரு சுற்றில் பாதி நேரத்துக்கு மேல் ஆறுவதற்கே போய்விடும். சுவர் கனம் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் நாலு மடங்கு. உன் திண்ணையில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் காலைப் பின்பக்கம் தடவிப் பார், திறந்து கிடக்கும், குறுக்கே மெல்லிய விலாக்கள் ஓடும். கஞ்சத்தனம் என்று திட்டாதே. கெட்டியாகச் செய்தால் ஆற நாழியாகும், வெளிப்பக்கம் குழிவிழும், விலையும் ஏறும். அதற்காகத் திண்ணை நாற்காலியில் நாலு பேர் உட்காரச் சொல்லவில்லை.

ஆறும்போது சுருங்கும் என்பதுதான் உன் மருமகனுக்கு நிறைய வேலை வைக்கும். பிளாஸ்டிக்கில் பாலிபுரொப்பிலீன் என்ற வகை நூறு மில்லிமீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு சுருங்கும், ஏபிஎஸ் என்ற வகை அரை மில்லிமீட்டர். அந்தக் கணக்கைக் கூட்டித்தான் எஃகையே வெட்ட வேண்டும். பொருளின் உட்பக்கத்துக்கு வடிவம் கொடுக்கிற அச்சின் மேட்டைக் கோர் என்போம். சுருங்குகிற பொருள் அந்தக் கோரை, சோப்புப் போடாத வளையல் மணிக்கட்டைப் பிடிப்பது போல, கவ்விக்கொள்ளும். அதனால் பொருள் எப்போதும் கோர் பக்கமே தங்கும்படி வடிவமைத்து, அங்கே எஜெக்டர் பின்களை வைத்துத் தள்ளுகிறோம். டப்பாவுக்குள் வட்ட வட்டமாகத் தெரிகிற தடங்கள் அவைதான்.

சேர்ந்த புதிதில், எனக்கு இருபத்திரண்டு வயசு, கண்ணாடி போன்ற மூடி ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று கோரிலேயே ஒட்டிக்கொண்டது. அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிவிட்டேன். மூடி வந்தது, ஆனால் முகம் பார்க்கலாம் என்று மெருகேற்றியிருந்த எஃகில் ஒரு கீறல். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மூடியிலும் அதே இடத்தில் அதே கீறல். மோல்டை இறக்கி மறுபடி மெருகேற்ற நாலு நாள் ஆயிற்று. முதலாளி திட்டவில்லை. மறுநாள் ஒரு பித்தளைக் கம்பியை வாங்கிவந்து என் மெஷினில் நூல் கட்டித் தொங்கவிட்டார். எஃகைவிட மென்மையானது, கீறாது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நீ கேட்டிருந்தாயே, தெருக்குழாயடியில் நிற்கும் பிளாஸ்டிக் குடமும் இப்படித்தானா என்று. இல்லவே இல்லை. கழுத்து ஒடுங்கி வயிறு பெருத்திருக்கிறது, அந்த வயிற்றை நிறைக்கிற கோரைக் கழுத்து வழியாக எப்படி உருவுவது? அதனால் சூடான பிளாஸ்டிக்கைக் குழாயாகத் தொங்கவிட்டு, இரண்டு பாதி அச்சு கவ்விக்கொள்ள, உள்ளே காற்றை ஊதி உப்பவைக்கிறார்கள். அது வேறு மெஷின், வேறு ஆட்கள். குடத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும், பார். வாளி எங்கள் ஜாதி. கவிழ்த்தால் அடியில் நடுவில் ஒரு மொட்டு தட்டுப்படும். பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாசல் அது, கேட் என்போம்.

பையன் சென்னை வந்ததும் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வரச்சொல். ஹாஸ்டல் சாப்பாடு எப்படியிருந்தாலும் உங்கள் அக்கா அவனைச் சும்மா அனுப்ப மாட்டாள். ஷெட்டுக்கும் கூட்டிப்போகிறேன். அந்தப் பித்தளைக் கம்பி இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, முனை தேய்ந்து பாதியாகிவிட்டது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.

அம்மாவையும் தங்கச்சியையும் விசாரித்ததாகச் சொல். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்.

உன்
செல்வம்