நாய்க்கு வாங்கும் ‘எலும்பு’ எங்கிருந்து வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய் வளர்ப்போருக்கான யோசனைகள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தடுப்பூசி, உண்ணி, வெயில்காலக் குளியல் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ‘குட்டி செருப்பைக் கடிக்கிறதா? கடையில் விற்கும் மெல்லும் எலும்பு ஒன்றை வாங்கிப் போடுங்கள்’ என்று ஒரே வரியில் ஒரு பெரிய விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டார் கட்டுரையாளர். ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், அதுவும் சுண்ணாம்புப் பிரிவில், மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ‘எலும்பு’ எனக்குப் பழைய பரிச்சயம். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, வெள்ளையாகவோ பழுப்பாகவோ கடையில் தொங்குகிறதே, அது எலும்பே இல்லை. மாட்டுத் தோல் அல்லது எருமைத் தோல். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்து டிரம்மில் சுற்றவிட்டால் முடி கரைந்து போகும். அப்புறம் சவ்வை நீக்கி, ஸ்பிளிட்டிங் மெஷினில் கொடுத்தால் தோல் மேல், கீழ் என்று இரண்டாகப் பிரியும். மேல்பக்கம் ஷூவுக்கும் பைக்கும் போகும். அடிப்பக்கம் கொஞ்சம் ஸ்வேட் என்கிற மெத்தென்ற தோலாகும், கொஞ்சம் ஜெலட்டினுக்கும் வஜ்ஜிரப் பசைக்கும் போகும், கொஞ்சம் நாய்க்குப் போகும். நாய்க்குப் போவதை நன்றாகக் கழுவி, பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, சுருட்டி, முடிச்சுப் போட்டு உலர்த்துவார்கள்.

இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. நாம் விழுங்கும் மாத்திரைகளின் ஜெலட்டின் உறையும் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும்தான் வருகிறது. ஆனால் கழுவுகிற வேலை ஒழுங்காக நடக்க வேண்டும். சுண்ணாம்பும் சல்பைடும் மிச்சமில்லாமல் போக நிறையத் தண்ணீரும் நேரமும் வேண்டும். அவசரப்படுகிறவன் முதலில் கை வைப்பது அதில்தான். 2017-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் தன் தோல் எலும்புகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. உணவு ஆலைகளில் கருவிகளைச் சுத்தம் செய்யப் பயன்படும் கிருமிநாசினியை மெக்சிகோ, கொலம்பியா, பிரேசில் நாடுகளில் இருந்த தயாரிப்பாளர்கள் தோலிலேயே போட்டுவிட்டது தெரிந்ததால் வந்த வினை. வெள்ளை வெளேர் என்று இருப்பதால் அது சுத்தமானது என்று நினைக்க வேண்டாம். வெளுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ரசாயனத்தைவிட எனக்குப் பயம், தோல் ஊறுவதில்தான். தோல் வேலையில் பிக்கிள் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தோலை அமிலத்தில் போடுவதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் ஓட்டியே ஆக வேண்டும். உப்பு இல்லாமல் அமிலம் பட்டால் தோல் பொதபொதவென்று ஊதி, அந்தச் சரக்கே வீணாகிவிடும். புதிதாகச் சேருகிற பையனுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. நாயின் இரைப்பையில் இருப்பதும் அமிலம்தான். நன்றாக மென்று கரைத்து விழுங்கியது மெதுவாகச் செரித்துவிடும். ஆனால் கடைசியில் மிஞ்சும் முடிச்சை அப்படியே முழுங்கினால், அது தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். உள்ளே போனபின் பெரிதாகவும் ஆகும். குமட்டல், எச்சில் வடிதல், திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைப் பார்த்து முகம் திருப்புதல் என்று ஏதாவது தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அறுவை சிகிச்சை வரை போகிற விஷயம் அது.

எங்கள் பக்கத்தில் மட்டும் நடக்கிற இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷூ கம்பெனியில் விழும் கட்டிங் துண்டுகளை எடுத்து வந்து, ‘தோல்தானே’ என்று நாய்க்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குரோம் உப்பு ஏற்றிப் பதனிட்ட தோல். செரிக்கவே செரிக்காது. கடைச் சரக்கிலேயே சந்தேகம் இருந்தால் வீட்டில் செய்துபார்க்க ஒரு சோதனை உண்டு. சின்னத் துண்டை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கொதிக்கிற நீரில் போடுங்கள். பச்சைத் தோலாக இருந்தால் சுருங்கிப் பிசுபிசுவென்று கோந்தாகத் தொடங்கும். குரோம் ஏற்றிய தோல் பெரும்பாலும் வடிவம் மாறாமல் அப்படியே கிடக்கும். அந்தப் பாக்கெட்டை வாசலோடு அனுப்பிவிடலாம்.

சரி, தோல் வேண்டாம், நிஜ எலும்பே போடுகிறேன் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்புதான் நம் ஊர் நாய்களின் சொத்து. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். வாயைக் கிழிக்கும், குடலையும் கிழிக்கும். போதாக்குறைக்கு அதில் ஒட்டியிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. கடையில் பதப்படுத்தி விற்கும் எலும்பும் லேசுப்பட்டதல்ல. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு 2010 முதல் 2017 வரை அப்படிப்பட்ட எலும்புகளைப் பற்றி மட்டும் 68 புகார்கள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய 15 நாய்கள் இறந்ததாகச் சொல்லப்பட்டது. தெருநாய் தின்று நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். இருக்கிற நாயைத்தான் நாம் பார்க்கிறோம்.

அப்புறம் பல். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். கெட்டியானதைக் கடிக்கும்போது பெரும்பாலும் பிளப்பது மேல்தாடையில் பக்கவாட்டில் இருக்கும் பெரிய பல்தான். என் எதிர்வீட்டு லேப்ரடாருக்கு மாட்டுக் குளம்பு வாங்கிப் போட்டு, அந்தப் பல்லில் ஒரு சில் பெயர்ந்து, மயக்கம் கொடுத்துப் பிடுங்க வேண்டியதாயிற்று. ‘பல்லுக்கு நல்லது சார்’ என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார்! டாக்டர் சொன்ன வழி சுலபமானது: கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். விழாவிட்டால் அது நாயின் பல்லுக்கு ஆகாது. குளம்பு, கொம்பு, கெட்டி நைலான் எல்லாம் இதில் தோற்றுவிடும். இமயமலைப் பக்கத்துச் சுர்பி என்று பாலில் செய்த கட்டியை இப்போது நல்ல விலைக்கு விற்கிறார்கள்; அதிலும் பாதிக்குமேல் கல்லாகத்தான் இருக்கிறது. மான் கொம்பு என்றால் தொடவே வேண்டாம். நம் காட்டு மான்களின் கொம்பை, அதுவாக உதிர்ந்தது என்றாலும், விற்பது 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? எங்கள் வீட்டு வீரா நாட்டு நாய், கதவின் கீழ்ச்சட்டத்தைத் தின்றே வளர்ந்தவன். அவனுக்கு ஃப்ரிட்ஜில் வைத்த முழு கேரட். நடுவில் குழிவான, அழுத்தினால் அமுங்கும் ரப்பர் பொம்மை ஒன்று. அதற்குள் தாளிக்காத தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் உறையவைத்தால் அரைமணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். வேர்க்கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் பாட்டிலைத் திருப்பி சைலிட்டால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அந்தச் சர்க்கரை மாற்று நாய்க்கு விஷம். பல் சுத்தத்துக்கென்று விற்கும் குச்சிகளில், கால்நடை வாய்நலக் கவுன்சில் என்ற அமைப்பு சோதனை முடிவுகளைப் பார்த்து முத்திரை கொடுத்தவை சில உண்டு. முத்திரை, பல்லில் படியும் காரை குறைவதற்குத்தான். தொண்டையில் அடைக்காது என்பதற்கல்ல. எதைக் கொடுத்தாலும் நாயின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் இருக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும், சின்னதாகிவிட்டால் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். குழந்தைகள் கையைக் கழுவட்டும். 2019-ல் நாய்களுக்கு விற்ற பன்றிக் காதுகளால் அமெரிக்காவில் 154 பேருக்கு சால்மோனெல்லா கிருமி தொற்றியது; பாதிக்கப்பட்டவர்கள் மனிதர்கள்.

இத்தனையும் வாங்குகிறவன் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்பதைத்தான் உணவு என்கிறது. கால்நடைத் தீவனத்தை விலக்கி வைத்திருக்கிறது. ஆனாலும் பாக்கெட்டில் அடைத்து விற்கிற எதிலும் தயாரித்தவர் முகவரி, மாதம், வருடம், எடை, விலை இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. வாங்குகிறவர்கள் குறைந்தது அதையாவது பார்க்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் உதிரியாக எடுத்துக் கொடுப்பதில் அதுவும் கிடையாது. என்ன தோல், எங்கே கழுவியது என்று கேட்டால் ‘இம்போர்ட்டட்’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் வருகிறது.

அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில். கடையில் விற்கும் தோல் எலும்புகளை வாங்கி, சல்பைடு, குரோமியம், கிருமி மூன்றையும் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட்டால் போதும், வியாபாரிகள் தாமாகவே வழிக்கு வருவார்கள். தங்கள் நாளிதழ் இதைக் கேட்டு எழுத வேண்டும். மாதிரி வாங்க நிருபரை அனுப்பினால், பெயரில்லாத ஜாடி எந்தெந்தக் கடையில் இருக்கிறது என்று காட்ட நான் கூட வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர்,
ராணிப்பேட்டை.