தலைகுந்தா பனியும் மேட்டுப்பாளையம் வெயிலும்

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பா,

பொங்கலுக்கு முதல் நாள் உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறாய். படித்ததும் அம்மா போடும் சுக்குக் காபிதான் ஞாபகம் வந்தது. முழங்கால் வலிக்காக டாக்டர் சைக்கிளை விடச் சொல்லவில்லை, நீயாகவேதான் விட்டுவிட்டாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் மனசை விட்டுப் போகவில்லை. அதற்குப் பதிலாக, போன வாரம் நீலகிரியில் ஓட்டிய ஒரு நாளைச் சொல்கிறேன்.

முந்தின நாளே குன்னூர் வழியாக ஏறி ஊட்டியில் தங்கியாயிற்று. விடிவதற்கு முன் ஃபிங்கர்போஸ்ட் தாண்டித் தலைகுந்தாவுக்கு மிதித்தேன். அங்கே புல்வெளி முழுக்க உறைபனி. இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. பள்ளத்தில் புல் வெளுத்துக் கிடக்கிறது. கொஞ்சம் மேலே, சரிவில், புல் பச்சையாகவே இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். சைக்கிளில் போனால் இது உடம்புக்கே தெரிகிறது. சாலை ஒரு பள்ளத்தில் இறங்கும்போது காது விறைக்கும், மறுபக்கம் ஏறினால் விட்டுவிடும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரில் போகிறவர்களுக்கு மலை முழுக்க ஒரே குளிர்தான்.

வெயில் வருவதற்குள் காய்கறித் தோட்டங்களில் தண்ணீர் தெளிக்கத் தொடங்கிவிட்டார்கள். பனியைக் கரைத்துவிட்டால் கேரட்டும் உருளையும் ஓரளவு தப்பிக்கும். தேயிலைச் செடிகளைத் தாகைச் செடி வெட்டி வந்து மூடியிருந்தார்கள். மூடாத செடிகளில் கொழுந்து கருகிப் பழுப்பேறிவிட்டது. பக்கத்தில் சுற்றுலா வந்தவர்கள் பனியை அள்ளிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கருகிய கொழுந்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் முகம் அன்று நாள் முழுக்க என்னோடு வந்தது.

ஊட்டிக்குத் திரும்பி சூடான டீயும், மொறுமொறு பிஸ்கட் போன்ற வர்க்கியும். நீ பை நிறைய வாங்கிப் போவாயே, அந்த வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பிறகு தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏற்றம். அதைத் தாண்டினால் கட்டபெட்டு, கோத்தகிரி, குஞ்சப்பனை, மேட்டுப்பாளையம் என்று பெரும்பாலும் இறக்கம்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 330 மீட்டரைத் தொடாது.

குளிர்காலத்தில் ஏற்றத்தை விட இறக்கத்துக்குத்தான் தயாராகப் போக வேண்டும். ஏறும்போது உடம்பே சூடு உண்டாக்கிக்கொள்கிறது. இறங்கும்போது கால் சும்மா இருக்கும், எதிர்க்காற்று அறையும், ஏறும்போது நனைந்த சட்டை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு குளிரும். ஏற்றத்தின் உச்சியிலேயே நின்று, சட்டையை மாற்றி, ஜாக்கெட்டுக்குள் நெஞ்சை மறைத்து ஒரு தினசரித்தாளைச் செருகிக்கொண்டேன். பழைய சைக்கிள்காரர்களின் வழக்கம் அது. காற்றை நன்றாகவே தடுக்கிறது. பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காமல் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விட்டுப் பிடித்தேன். சில வளைவுக்கு ஒருமுறை ஓரம் கட்டினேன். விரல் விறைத்துக் கிடக்கிறது, ரிம்மைத் தொட்டால் சுடுகிறது! மேலேறும் வண்டிக்கு வழிவிடச் சொல்லும் பலகைகள் இன்னும் இருக்கின்றன. சைக்கிளுக்கும் அதுதான் சட்டம் என்று நினைத்து நடந்துகொண்டால் பேருந்து ஓட்டுநர்கள் கை காட்டிவிட்டுப் போகிறார்கள்.

கோத்தகிரியில் கையுறையைக் கழற்றினேன். அதற்குக் கீழே தேயிலைக்கு நடுவில் சில்வர் ஓக், கொஞ்ச தூரத்தில் காப்பி, பலா. குஞ்சப்பனைக்கு வந்தபோது ஜாக்கெட் பைக்குள் போயிருந்தது. அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு என்பதால் வெயில் இருக்கும்போதே கடந்துவிட்டேன். காற்றின் வாசனையும் மாறிக்கொண்டே வந்தது: மேலே யூகலிப்டஸ், நடுவில் ஃபேக்டரியில் வறுபடும் தேயிலை, கீழே காய்ந்த புல். மேட்டுப்பாளையத்தில் நிழல் தேடி நின்று இளநீர் குடித்தேன். காலையில் பனியில் நின்றவன் அன்று பிற்பகலே வியர்த்து நின்றேன். இப்படி ஒரு நாள் நம் பக்கத்தில் வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதக் காரணம், இந்த வழி உன் முழங்காலுக்கு ஒத்துவரும் என்று நம்புகிறேன். ஏற வேண்டியதைப் பேருந்தில் ஏறிவிடலாம். சைக்கிள்களை ஒரு வேனில் மேலே அனுப்ப நான் ஏற்பாடு செய்கிறேன். தொட்டபெட்டா ஏற்றத்தில் சின்ன கியரில் மெதுவாக மிதிக்கலாம், வலித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே பேசிக்கொண்டு போகலாம். கல்லூரி நாட்களில் மருதமலைக்கு ஓட்டியதை விட அதிகம் பேசியிருக்கிறோம், இல்லையா? நான் இப்போதும் சைக்கிள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் பேச ஆள் இல்லை, அதுதான் குறை.

வருகிற மார்கழியில் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். ஸ்டேஷனில் நான் நிற்பேன். அதற்குள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுது. தினமும் கொஞ்சம் சமதரையில் மிதிக்கத் தொடங்கு. நல்ல கையுறை மட்டும் வாங்கிக்கொள், மற்றது எல்லாம் என்னிடம் இருக்கிறது.

தங்கச்சிக்கு என் அன்பு. பேத்தியின் படம் ஒன்று அனுப்பு.

உன்
பழைய சைக்கிள் கூட்டாளி