சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள நெட்டையா,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் படியேற வேண்டாம் என்றால் ஏறாதே. உன்னை எனக்குத் தெரியும்.

மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறாள் என்று எழுதியிருந்தாய். இருட்டுமுன் அறைக்குத் திரும்பு, போனில் சார்ஜ் வைத்திரு, தெரியாதவர்களிடம் பேச்சு வேண்டாம் என்றெல்லாம் சொன்னாயாம். நானும் என் மகளுக்கு இதையே ஓதித்தான் அனுப்பினேன். இப்போது யோசித்தால், நாம் சொன்னதெல்லாம் தெருவைப் பற்றி. 2023இல் உலகம் முழுக்கச் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவன் கையாலோ குடும்பத்தார் கையாலோ கொல்லப்பட்டார்கள் என்கிறது ஐ.நா. கணக்கு. அந்த ஆண்டு கொலையான பெண்களில் 60 சதவீதம்.

அடிக்கிறவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது அடி விழுந்த பிறகு வருவது. அதுவும் அவள் வாய் திறந்தால்தான்.

அடி விழுமுன்பே தடுக்க, உகாண்டாவின் கம்பாலாவில் 'சாசா' என்றொரு திட்டம். 'இப்போதே' என்று அர்த்தமாம். அந்தந்தப் பகுதி ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, அக்கம்பக்கத்தில் பேசவிட்டார்கள். எடுத்த எடுப்பில் பெண்ணுரிமை என்று ஆரம்பிக்கவில்லை. அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்றுதான் பேச்சே. 2014இல் முடிவுகள் வந்தன: திட்டம் நடந்த பகுதிகளில் துணைவனிடம் அடிபட்ட பெண்கள், நடக்காத பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவு. மொத்தம் எட்டே பகுதிகளில் செய்த ஆய்வு, வேதவாக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அதை லேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

படித்ததும் நாம் தங்கியிருந்த பழைய அறை ஞாபகம் வந்தது. அடுத்த வீட்டு அக்காவை மறந்திருக்க மாட்டாய்.

2008இல் இந்தியாவில் 'பெல் பஜாவோ', அதாவது 'மணியை அடி' என்று விளம்பரங்கள் வந்தன. அடிக்கிற சத்தம் கேட்டு ஒருவர் அந்த வீட்டு மணியை அழுத்துவார். கொஞ்சம் பால் கிடைக்குமா என்பார். அவ்வளவுதான். மல்லுக்கு நிற்க வேண்டாம், வெளியே காது இருக்கிறது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்தாக வேண்டும். நமக்குக்கூட அந்த அளவு தைரியம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நாம் ரேடியோ சத்தத்தைக் கூட்டினோம். கூட்டியது நீதான் என்று இத்தனை வருஷமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இல்லை, நான்தான்.

உன்,
குட்டையன்